தெளிமொழிக் கழகமும் வடக்கே போன எட்வர்டும்

பாம்பனில் சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கி காலியாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வௌவாலும் சங்கு நாற்றமும் மட்டும் அங்கே குடியிருந்தன. 1959-ஆம் வருஷம் சித்திரையில் மூன்றாவது குடித்தனமாகத் தெளிமொழிக் கழகம் வந்து சேர்ந்தது. வௌவால்கள் ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டன. நாற்றம் மட்டும் கடைசிவரை ஒத்துழைத்தது.

வாசலில் எட்டடி நீளத்துக்குப் பலகை மாட்டினார்கள். முதல் வரி தெளிமொழியில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தியா முழுவதிலும் நான்கு பேர். அவர்களில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டாவது வரி இங்கிலீஷ். மூன்றாவதாக, மிச்சமிருந்த இடத்தின் அளவுக்குத் தமிழில், "தெளிமொழிக் கழகம், கடலோரப் பரிசோத" என்று இருந்தது.

திறப்பு விழாவில் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் உக்கிரபாண்டி பேசினார். கமுதிப் பக்கத்துக்காரர். பதினோரு வருஷம் சீமையில் இருந்துவிட்டு வந்தவர்.

"நண்பர்களே! இந்த நாட்டின் வறுமைக்கு மழை இல்லாதது காரணம் என்கிறார்கள். தவறு. தொழில் இல்லாதது காரணம் என்கிறார்கள். அதுவும் தவறு. தெளிவு இல்லாததே காரணம். நாம் பேசும் மொழிகள் எல்லாம் காட்டுச் செடிகளைப்போலத் தாமாக முளைத்தவை. தெளிமொழி அப்படி அல்ல. அது ஒரு குழுவினால் இயற்றப்பட்டது. அதில் ஒவ்வொரு வாக்கியமும் தன் சான்று என்ன என்பதைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வரும். கண்ணால் கண்டது முதல் தரம். காதால் கேட்டது இரண்டாம் தரம். மனத்தால் நினைத்தது மூன்றாம் தரம். இம்மொழியில் பொய் சொல்லவே முடியாது. நானே ஒன்பது ஆண்டுகளாக முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும், பரிசோதனைக்குப் பாம்பனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சொன்னார். "நாட்டிலேயே அதிகக் குழப்பமாகப் பேசுகிறவர்கள் கடலோர மக்கள் என்று தலைமையகம் கண்டறிந்திருக்கிறது. தலைமையகத்தில் எவரும் கடலைப் பார்த்ததில்லை. எனவே இது மூன்றாம் தரம்."

கூட்டத்தில் நின்றிருந்த எட்வர்ட் தன் அண்ணன் இன்னாசியின் விலாவில் இடித்தான். "ஏண்ணே, இதுல மீன் படுமா?"

"பேசாம இருடா. வடை குடுக்கப் போறாக."

இன்னாசிக்கு அப்போது இடது கை உடைந்திருந்தது. பாய் கட்டுகிற பருமல் மரம் விழுந்து, முழங்கைக்கு மேலே இரண்டாகப் போயிருந்தது. ஆறு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரு சின்ன வத்தை இருந்தது. இருவர் போகிற அந்தப் படகில் எட்வர்ட் தனியாகப் போய்வந்து இரண்டு வீட்டுக்கும் உலை வைத்தான். சும்மா இருக்கச் சங்கடப்பட்ட இன்னாசி, கிட்டங்கியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். "மாதிரிப் பேச்சாளர்" என்று அவனுக்குப் பதவி கொடுத்தார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் டாக்டர் ஒரு சாளை மீனை மேஜைமேல் வைத்தார். தலைமைக் குமாஸ்தா பூமிநாதன் பேனாவைத் திறந்தார்.

"இது என்ன?"

"சாளைய்யா."

"எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியாதாய்யா?"

"முதல் தரம். எழுதிக்கொள்ளும், பூமிநாதன். இது எங்கே இருந்தது?"

"கடல்ல."

"கடலில் இருக்கும்போது நீர் கண்டீரா?"

"எந்தம்பி பிடிச்சாந்தான்."

"அப்படியானால் தம்பி சொல்லிக் கேட்டது. இரண்டாம் தரம்."

"அவென் ஒண்ணும் சொல்லலய்யா. கூடையத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். பின்ன சாளை வயக்காட்டுலயா வெளையும்?"

"அது உம்முடைய நினைப்பு. மூன்றாம் தரம்."

பன்னிரண்டு மணிக்கு மீன் நாறத் தொடங்கியது. நாற்றம் எத்தனையாம் தரம் என்பதில் டாக்டருக்கும் பூமிநாதனுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. மூக்கால் அறிவதற்குத் தனியாக ஒரு தரம் வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதிப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: "மூக்கு பரிசீலனையில் உள்ளது."

கழகத்துக்கு ஒரு மோட்டார் லாஞ்சு இருந்தது. நடுக்கடலில் பேசப்படும் சொற்களை நடுக்கடலிலேயே போய்க் கேட்பதற்காக வாங்கியது. பாம்பன் கரையில் மற்றதெல்லாம் பாய் கட்டி ஓடுகிறவைதான். காற்றுக்கு எதிராகப் போகிறது அது ஒன்றுதான். அதை ஓட்டுகிறவன் குருநாதன். நயினார்கோவில்காரன். அதற்கு முன்னால் நெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கடலைக் கண்டால் அவனுக்குக் குமட்டும். லாஞ்சுக்கு ஒரே ஒரு விதி: அதை எடுக்கவேண்டிய காரணத்தைத் தெளிமொழியில் எழுதிக் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும். அப்படி ஒரு கட்டாயம் இல்லாவிட்டால் மக்கள் எதற்காக இந்த மொழியைக் கற்கப் போகிறார்கள் என்பது டாக்டரின் வாதம். அந்த வாதத்தில் யாரும் குற்றம் காண முடியவில்லை.

அப்புறம் கேள்விப் பட்டியல். தலைமையகம் அச்சடித்து அனுப்பியது. மொத்தம் நாற்பது கேள்விகள். தினமும் விடிந்ததும் பூமிநாதன் கரைக்கு வந்து, தொழிலுக்குக் கிளம்புகிறவர்களிடம் கேட்டு, பதிலைப் பக்க எண் போட்ட பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதினான்காவது கேள்வி: "எங்கே போகிறீர்கள்?"

இந்தக் கேள்வியைத் தயாரித்தவர் கடலைப் பார்த்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாம்பனில் கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று எவரும் கேட்க மாட்டார்கள். பெண்டாட்டி கேட்க மாட்டாள். பெற்ற தாய் கேட்க மாட்டாள். மீன் கிடக்கிற இடம் அவனவன் சொத்து, கேட்டால் கண்பட்டுவிடும். தெரியாத்தனமாக யாராவது கேட்டுவிட்டால், கேட்டவர் மனம் நோகாமல் ஏதாவது ஒரு திசையைச் சொல்வார்கள். சொன்ன திசையில் மட்டும் அவன் இருக்க மாட்டான் என்பது அந்தக் கரையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

பூமிநாதனும் நயினார்கோவில்காரர்தான். அங்கே, எங்கே போகிறாய் என்று கேட்டால் வயலுக்கு என்பார்கள்; வயலுக்குத்தான் போவார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒரு வாரமாக அடித்துவிட்டு அன்றைக்குத்தான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. எட்வர்ட் வத்தையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏப்பா எட்வர்டு, எங்கிட்டுப் போற?" என்றார் பூமிநாதன்.

எட்வர்ட் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "வடக்க போறேன், சார்."

பக்கத்தில் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். "எழுதிக்கங்க சார். வடக்கயாம்!"

பூமிநாதன் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எட்வர்ட் திரும்பவில்லை. மத்தியானத்திலேயே கச்சான் மறுபடியும் ஏறிவிட்டது. புதன்கிழமை விடிந்ததும் நான்கு வத்தைகள் தெற்கே தேடிப் போயின. குருசடித் தீவைத் தாண்ட முடியாமல், ஒன்று பாய் கிழிந்தும் மற்றவை தண்ணீர் மொண்டும் திரும்பி வந்தன.

எட்வர்டின் மனைவி லீமாரோஸ், இன்னாசியைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தாள். டாக்டர் அவர்களை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார்.

"அய்யா, எந்தம்பியக் காணோம்யா," என்றான் இன்னாசி.

"யாரால் காணோம்?"

"எங்களாலதான்."

"அதைச் சொல்ல வேண்டும் அல்லவா? எட்வர்ட் காணாமல் போகவில்லை. உங்களால் காணப்படாமல் இருக்கிறார். அவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இந்தத் தெளிவு வந்துவிட்டாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்."

இன்னாசி லீமாரோஸைப் பார்த்தான்.

"அய்யா, லாஞ்சை எடுக்கச் சொல்லுங்க," என்றாள் அவள். "அவரு தெக்கதான் போனாரு. கடலுக்கடியில கல்லுப் பாரு கிடக்கிற பக்கம். பாய்மரம் முறிஞ்சிருந்தா கச்சான் வத்தையைக் கெழக்கதான் தள்ளும். நாளைக்குள்ள தனுஷ்கோடிக்கு அங்கிட்டுக் கடலுக்குள்ள மணல் மேடாக் கிடக்கிற தீடையில போயி அடையும். அங்கன பிடிச்சாத்தான் உண்டு. தீடையையும் விட்டுப் போயிட்டா அங்கிட்டு வெறுங்கடலுய்யா."

"தெற்கே போனதை நீ கண்டாயா, அம்மா?"

"காணல. ஆனா, கலவா மீன் பிடிக்கிற தூண்டிலையும் பெரிய நங்கூரக் கல்லையும் எடுத்துட்டுப் போனாரு. கலவா பாருலதான் கிடக்கும். வடகடல்ல பாரு ஏது? அது வெறும் சேறு."

"ஆகவே நீ நினைக்கிறாய். மூன்றாம் தரம். பூமிநாதன், நேற்றைய பதிவில் என்ன இருக்கிறது?"

பூமிநாதன் பதிவேட்டைப் புரட்டினார். "வடக்கே போறேன்னு சொன்னாப்ல, சார். நாந்தான் கேட்டேன்."

"இரண்டாம் தரம்! ஒரு பொறுப்புள்ள ஊழியர் தம் சொந்தக் காதால் கேட்டது. மூன்றாம் தரம் இரண்டாம் தரத்தை வெல்ல முடியாது. லாஞ்சு நாளைக் காலை வடக்கே போகும்."

இன்னாசி எழுந்துவிட்டான். "அய்யா, அது சும்மா சொன்னதுய்யா! இங்கன எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

"எட்வர்ட் பொய் சொன்னார் என்கிறீரா?"

"பொய் இல்லய்யா."

"அப்படியானால் உண்மை."

"உண்மையும் இல்லய்யா. சொல்றவனுக்கும் தெரியும், கேக்குறவனுக்கும் தெரியும். யாரையும் ஏமாத்தல. சார் வெளியூரு, அதான் எழுதிட்டாரு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவிற்று. இன்னாசி அதைத் தன் தம்பிக்கான இரக்கம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல," என்றார் டாக்டர். "ஒரு சமுதாயமே கூடி நின்று சொல்லும் உண்மையல்லாத உண்மை! பூமிநாதன், இது தெளிமொழியில் சொல்லவே முடியாத ஒன்று. ஒன்பது ஆண்டுகளில் முதல் முறை! உடனே தலைமையகத்துக்குத் தந்தி எழுதும்."

"லாஞ்சு, அய்யா?"

"வடக்கே. அதில் மாற்றமில்லை."

வியாழக்கிழமை பத்து மணிக்கு லாஞ்சு வடக்கே போயிற்று. டாக்டர், பூமிநாதன், இன்னாசி, குருநாதன் நால்வரும் இருந்தார்கள். கச்சான் காலத்தில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அப்படிப்பட்ட கடலிலும் குருநாதன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இன்னாசி மட்டும் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். பாம்பன் பாலம் சின்னதாகிச் சின்னதாகி, ஒரு கோடாகி, கடைசியில் அதுவும் போயிற்று.

"தேடலுக்கு முன்பக்கம் பார்க்க வேண்டும், இன்னாசி," என்றார் டாக்டர்.

"எந்தம்பி பின்னால இருக்கான்யா."

"மூன்றாம் தரம்."

திருப்பாலைக்குடிக் கரை தெரிகிறவரை போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பினார்கள். டாக்டர் அங்கேயே அறிக்கை எழுதிவிட்டார். "தேடல் வெற்றி. எட்வர்ட் வடக்கே இல்லை என்பது நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது. முதல் தரம்."

"அதத்தானய்யா நான் நேத்தே சொன்னேன்!"

"நேற்று அது மூன்றாம் தரம். இன்று முதல் தரம். ஒரே நாளில் இரண்டு படி ஏறியிருக்கிறோம். நீர் மகிழ வேண்டும்."

இன்னாசி மகிழவில்லை. "சரிய்யா. இப்பவாச்சும் தெக்க எடுங்க. இன்னும் தீடையில கிடந்தாலும் கிடக்கும்."

டாக்டரும் எடுக்கத்தான் நினைத்தார். விண்ணப்பத்தை எழுதவும் உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுதினார், அடித்தார், எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டார். பதிவேட்டில் எட்வர்ட் வடக்கே போனார் என்று இருக்கிறது. அறிக்கையில் வடக்கே இல்லை என்று இருக்கிறது. இரண்டும் ஏற்கப்பட்டவை. முரண்பட்ட இரண்டு வாக்கியங்களுக்கு மேல் மூன்றாவது வாக்கியத்தைத் தெளிமொழி அனுமதிக்காது. அதுதான் அந்த மொழியின் பெருமை.

பூமிநாதன் அன்று முதல் முறையாகத் தம்முடைய அதிகாரத்தை மீறிப் பேசினார். "சார், அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுறவா?"

"பக்க எண் போட்டிருக்கிறது, பூமிநாதன்."

வெளியே வந்ததும் அவர் குருநாதனைத் தனியே கூப்பிட்டார். "பேசாம எடுத்துட்டுப் போயிருவமா?"

"எடுக்கலாம்ணே. சாவி அவரு மடியில இருக்கு. எடுத்தாலும் எனக்குத் தெக்க வழி தெரியாது. வடக்கயே தெரியாது."

வெள்ளிக்கிழமை தந்திக்குப் பதில் வந்தது. "மகத்தான கண்டுபிடிப்பு. தெளிமொழியின் பரிசோதனைக் கிளைமொழி ஒன்றை உருவாக்க அனுமதி. குழு வருகிறது. அதுவரை எதையும் அசைக்க வேண்டாம்." எதையும் என்பதில் லாஞ்சும் அடங்கும் என்று டாக்டர் முடிவு செய்தார்.

அன்று காலையிலிருந்து லீமாரோஸ் கிட்டங்கி வாசலிலேயே நின்றாள். மத்தியானம் பூமிநாதன் சாப்பிட வெளியே வந்தபோது வழி மறித்தாள்.

"சார், லாஞ்சு குடுங்கன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்லணும்? எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே சொல்றேன்."

டாக்டர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத் தமக்குப் பாடமாகியிருந்ததைப் பூமிநாதன் சொல்லிக் கொடுத்தார். பத்துப் பதினைந்து அசைகள். தென்னை நிழலில் நின்று, செபம் சொல்வதுபோல, அவள் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். மூன்று மணிக்கு உள்ளே போய் டாக்டர் முன்னால் நின்று, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அற்புதம்! என் பேச்சை நானே கேட்பதுபோல் இருந்தது. பூமிநாதன், எழுதும்! இந்தியாவின் ஐந்தாவது தெளிமொழிப் பேச்சாளர். பெண்களில் முதல்வர்!"

"லாஞ்சு, அய்யா?"

"அம்மா, உன் உச்சரிப்பு முதல் தரம். உன் செய்தி மூன்றாம் தரம்."

அவள் இன்னும் ஒரு தடவை சொன்னாள். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. அழுகைக்குத் தெளிமொழியில் இடமில்லை என்பதால் அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கச்சான் ஓயாததால் வத்தைகள் ஒன்றும் தெற்கே போக முடியாமல் கரையிலேயே கிடந்தன. குழு அடுத்த புதன்கிழமை போட் மெயில் ரயிலில் வந்து இறங்கியது. எட்டுப் பேர். தெளிமொழி தெரிந்த மற்ற மூவரும் அதில் அடக்கம். பேச்சுவார்த்தை இல்லாத இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்லும்படி பூமிநாதனிடம் சொன்னார்கள். மறுநாளிலிருந்து மூன்று நாள் விவாதம் நடந்தது. முதல் நாள் கிளைமொழிக்குப் பெயர் தேடினார்கள். இரண்டாம் நாள், கிளை என்றால் மரத்தில் ஒட்டியிருக்குமா தனியாக நட வேண்டுமா என்று பேசினார்கள். மூன்றாம் நாள் இன்னாசியைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள்.

"உங்கள் ஊரில் வடக்கே என்று சொல்பவர் வடக்கைத் தவிர வேறு எங்கும் போகலாம். சரியா?" என்றார் தலைவர்.

"ஆமாய்யா."

"உண்மையிலேயே வடக்கே போகிறவர்?"

"கெழக்கம்பான். தெக்கம்பான். எதையாச்சும் சொல்லுவான்."

"எதையும் சொல்லாமல் போகலாமே?"

"கேட்டவுக சங்கடப்படுவாகல்ல?"

குழு மெய்சிலிர்த்தது. "ஆகா! மரியாதையின் பொருட்டுச் சொல்லப்படும் உண்மையல்லாத உண்மை!" அங்கேயே நான்காம் தரம் பிறந்தது. கிளைமொழிக்கு "நெய்தல் தெளிமொழி" என்று பெயர் வைத்தார்கள். எட்வர்ட் கிளம்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இனி அவர் வடக்கே போனதை நான்காம் தரத்தில் திருத்தி எழுதலாம், முரண்பாடு தீர்ந்தது, லாஞ்சு எங்கும் போகலாம் என்று தலைவர் அறிவித்தார்.

மறுநாள் காலை லாஞ்சு தெற்கே போனது. குழுவினர் எட்டுப் பேர், டாக்டர், நான்கு அடுக்குச் சாப்பாட்டுத் தூக்குகள், ஒரு புகைப்படக் கருவி. இன்னாசிக்கு இடமில்லை. "நெய்தல் கிளையின் எல்லைகளை ஆராய" என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. எல்லை தனுஷ்கோடியில் இருந்தது. எல்லோரும் சேதுவில் நீராடிவிட்டுப் பொழுது சாயத் திரும்பினார்கள்.

இன்னாசி துறையில் காத்திருந்தான். "அய்யா, தீடைப் பக்கம் போனீகளா?"

"போனோம். இறங்கியும் பார்த்தோம்."

"எந்தம்பியக் கண்டீகளா?"

"இல்லை," என்றார் டாக்டர். "முதல் தரம்."

குருநாதனிடம் கேட்டான். "நான் லாஞ்சை நிறுத்திட்டுத் தலைய சுத்திப் படுத்துட்டேண்ணே. எந்திரிச்சுப் பாத்தா மணலும் தண்ணியும் ஒண்ணாத் தெரிஞ்சது."

ஆவணி பிறந்ததும் நெய்தல் தெளிமொழிக்குத் தொடக்க விழா எடுத்தார்கள். பழைய பலகையைக் கழற்றிப் புதிய பலகை மாட்டினார்கள். இதில் தமிழ் வரிக்கு இடமே இல்லை. வழவழப்பான தாளில் ஒரு மலர் அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னாசி, படிக்கத் தெரியாததால் படங்களைப் பார்த்துக்கொண்டு போனான்.

ஏழாம் பக்கத்தில் கை நின்றது.

மணல் தீடை. அதில் கவிழ்ந்து கிடந்த ஒரு வத்தை. அதன் முதுகில் தலைவரும் இன்னொருவரும் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பக்கத்தில் நின்று சிரித்தார். முன்பக்கப் பலகையில், அடுக்குப் பாத்திரத்துக்கு மேலே, ஒரு முழ நீளத்துக்கு ஒட்டுப்பலகை தெரிந்தது. போன வருஷம் அதை வைத்து ஆணி அடித்தவன் இன்னாசி. ஒரு ஆணி கோணலாக இறங்கிவிட்டது என்று எட்வர்ட் ஒரு மாதம் கேலி செய்துகொண்டிருந்தான்.

படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டான். அவர் படித்துச் சொன்னார்: "நெய்தல் கிளைமொழி வழங்கும் நிலம். குழுவினர் களைப்பாறுகிறார்கள்."

இன்னாசி எழுந்து மேடைக்குப் போனான். பேச்சு நின்றது.

"அய்யா, இது எந்தம்பி வத்தைய்யா."

டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவருக்குக் கள்ளம் கிடையாது. "அப்படியா? நீர் எட்வர்டைக் கண்டீரா என்றுதானே கேட்டீர்? வத்தையைப் பற்றிக் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் முதல் தரத்திலேயே சொல்லியிருப்பேன்." பிறகு சபையின் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா நண்பர்களே? கேள்வியில் தெளிவு இல்லாவிட்டால் எவ்வளவு சங்கடம்!"

நல்ல கைதட்டல்.

இன்னாசி மலரைச் சுருட்டிக்கொண்டு தெற்குவாடியில் தம்பி வீட்டுக்கு நடந்தான். லீமாரோஸ் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எட்வர்ட் போன பிறகு அவள்தான் மண்டபம் சந்தைக்குக் கூடை சுமக்கிறாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"என்னைக்கு எடுத்தது, பெரிய மச்சான்?"

"அவுக குளிக்கப் போனாகள்ல, அன்னைக்கு."

"பன்னெண்டாம் நாளு." அவள் விரலால் அந்த ஒட்டுப்பலகையைத் தொட்டாள். "பன்னெண்டு நாளும் அங்கனதான் கிடந்திருக்கு."

 இன்னாசி மறுநாள் படகோட்டிகளைக் கூட்டிக்கொண்டு தீடைக்குப் போனான். அதற்குள் கடல் மணலை மாற்றிப் போட்டிருந்தது. வத்தையும் இல்லை; அது கிடந்த தடமும் இல்லை. பங்குச் சாமியார் துக்கப் பூசைக்கு நாள் குறிக்கச் சொன்னார். லீமாரோஸ் பார்க்கலாம் சாமி என்றாள். கை கூடியதும் இன்னாசி கழகத்திலிருந்து நின்றுகொண்டான். மாதிரிப் பேச்சாளர் பதவி காலியாக இருப்பதாகக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். தெளிமொழியில் எழுதியிருந்ததால் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

தை மாதம் தலைமையகத்திலிருந்து நெய்தல் கிளைக்கென்று புதிய கேள்விப் பட்டியல் வந்தது. முதலில் ஐந்தாவது பேச்சாளரிடம் கேட்டு அனுப்பும்படி உத்தரவு. பூமிநாதன் பதிவேட்டோடு கரைக்கு வந்தார். லீமாரோஸ் கூடையைத் தலைக்கு ஏற்றப்போகிற நேரம். பக்கத்தில் இன்னாசியும் வேறு சிலரும் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

பூமிநாதன் பெயரைக் கேட்டார். வயதைக் கேட்டார். என்னென்னவோ கேட்டார். ஒவ்வொன்றையும் எண் சொல்லிக் கேட்டவர், பதிமூன்று முடிந்ததும் பதினைந்துக்குப் போனார்.

"பதினாலை விட்டுட்டீகளே, சார்," என்றாள் லீமாரோஸ்.

"அது வேணாம்மா."

"கேளுங்க. அப்பறம் அவுக உங்களைத்தான் வைவாக."

பூமிநாதன் காகிதத்தைப் பார்த்தே கேட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்டுக்காரர் எங்கிட்டுப் போயிருக்காரும்மா?"

லீமாரோஸ் கூடையைத் தலையில் ஏற்றி நேராக்கிக்கொண்டாள்.

"வடக்க போயிருக்காரு, சார்."

பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

பூமிநாதன் பதிலை எழுதிக்கொண்டார். பக்கத்தில் தரம் எழுத ஒரு கட்டம் இருந்தது. நான்கு என்று போட வேண்டும்; அதற்காகத்தான் எட்டுப் பேர் ரயிலேறி வந்து அந்தத் தரத்தை உண்டாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்.

பதினைந்து நாளில் தலைமையகத்திலிருந்து பட்டியல் திரும்பி வந்தது. பதினான்காம் கேள்வியில் சிவப்பு மையால் சுழித்திருந்தார்கள். "தரம் குறிக்கப்படவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் மறுபடியும் கேட்டு அனுப்பவும்."

பூமிநாதன் மறுபடியும் கரைக்குப் போய்க் கேட்டார். லீமாரோஸ் அதையே சொன்னாள். அவர் மறுபடியும் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். தலைமையகம் மறுபடியும் சுழித்து அனுப்பியது. அப்புறம் மாதத்துக்கு இரண்டு தடவை அது வழக்கமாகிவிட்டது. அவரைத் தூரத்தில் கண்டதுமே அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள்.